வெட்டுப்படாத சட்டை

கம்பளிச் சட்டை வாங்கும்போது பின்பக்க நீளத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முன்பக்கம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை. மானுக்காக மரத்தில் கட்டிய பரணில் குனிந்து உட்காரும்போது சட்டையின் வால் கால்சட்டையை விட்டு வெளியே வந்துவிட்டால், நவம்பர் காற்று நேராக முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நான் போட்டிருக்கிற இந்தச் சிவப்புக் கட்டம் போட்ட சட்டைக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. ஒரு தையல் பிரிந்ததில்லை, ஒரு நூல் வெட்டுப்பட்டதில்லை. வேண்டுமானால் திரும்பி நின்று காட்டுகிறேன், ஐயா.

பக்கத்து வேட்டை முகாமில் நிம்மதியாக இருந்த உங்களைப் பனியில் நடக்கவைத்து இங்கே கூட்டிவந்துவிட்டார்கள். வருத்தமாக இருக்கிறது. மானைக் குறிதவறிச் சுட்டவனுடைய சட்டை வாலைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடிப்பது உங்கள் முகாமிலும் உள்ள வழக்கம்தான். தவறினானா இல்லையா என்று தகராறு வந்தால் வெளியாள் ஒருவர் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது இந்த முகாமின் பழைய விதி. மேசையில் கத்தரிக்கோலை வைத்துத் தட்டிக்கொண்டிருப்பவர் நெஸ்டர், முகாமின் சொந்தக்காரர். மூலையில் காப்பி குடிக்கிறவன் ஆர்விட், என் தங்கை ஹெல்மியின் புருஷன். அவன் காப்பி குடிப்பதில் ஒரு விசேஷம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுவரைப் பாருங்கள். பச்சைக் கட்டம், நீலக் கோடு, பழுப்பு, சாம்பல் என்று வரிசையாகத் தொங்குகிறதே, அத்தனையும் ஆர்விட்டின் சட்டை வால்கள். பூப்போட்ட துணி ஒன்று இருக்கிறது பாருங்கள், அது அவனுடைய இரவு உடுப்பு. காலையில் வாசலிலேயே மான் வந்து நிற்க, போட்டிருந்த உடுப்போடு ஓடிப்போய்ச் சுட்டுத் தவறவிட்டான். அந்த வருஷம் நாங்கள் சிரித்த சிரிப்பில் நெஸ்டருக்குப் பல்செட் சூப்பில் விழுந்துவிட்டது.

மனிதர்கள் எதற்கு வேட்டைக்குப் போகிறார்கள் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பரணில் வேறு வேலை கிடையாது. இறைச்சிக்காக என்பார்கள். இறைச்சி கடையில் கிடைக்கிறது, பனியில் உட்கார வேண்டியதில்லை. உண்மையில் எல்லாரும் வருவது திரும்பிப் போய்ச் சொல்வதற்கு ஒரு கதை வேண்டும் என்றுதான். மானை அடித்தால் கதை சின்னது: வந்தது, சுட்டேன், விழுந்தது. கிறிஸ்துமசுக்குள் அது தொத்திறைச்சியாகித் தீர்ந்துவிடும். தவறவிட்ட மான் அப்படியல்ல. அது வருஷா வருஷம் வளரும். கொம்பு கிளைக்கும், எடை கூடும், கடைசியில் குதிரை அளவுக்கு வந்து நிற்கும். ஆர்விட் எங்களுக்குத் தந்ததெல்லாம் அந்த மாதிரி மான்கள். இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

இந்த முகாமில் இன்னொரு வழக்கம். இருப்பதிலேயே பெரிய கொம்பு எதுவோ அது அடுப்புக்கு மேலே தொங்கும். அதற்குச் சொந்தக்காரன் அடுப்பை ஒட்டிய நாற்காலியில் உட்காருவான். வேட்டை தொடங்கும் முதல் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவன்தான் கதையைத் தொடங்க வேண்டும். இத்தனை வருஷமாக அந்தக் கொம்பு என்னுடையது, பன்னிரண்டு கிளை. நான் கதை சொல்லி முடிக்கும்வரை யாரும் இருமக்கூட மாட்டார்கள். ஆனால் இதற்கும் நான் செய்த காரியத்துக்கும் சம்பந்தமில்லை. தெளிவாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஹெல்மியைக் கட்டிக்கொண்டு ஆர்விட் முதன்முதலாக இங்கே வந்தபோது, செத்துப்போன அவன் அப்பாவின் துப்பாக்கியைக் கொண்டுவந்தான். முதல் நாள் ஜல்லிக்குழியில் எல்லாரும் குறி சரிபார்ப்போம் இல்லையா, அங்கே அவன் சுட்ட மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் போயின.

"எய்னாரு, உன் நாற்காலிக்கு ஆள் வந்தாச்சுடோய்" என்றார் நெஸ்டர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பையன், கை சுத்தம், மச்சான் மச்சான் என்று பின்னாலேயே வருவான். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

அன்று சாயங்காலம் எல்லாரும் நீராவியில் வியர்த்துக் குளிக்கச் சவுனாவுக்குள் போனார்கள். விறகு கொண்டுவருகிறேன் என்று நான் பின்தங்கினேன். துப்பாக்கிகளை யாரும் வீட்டுக்குள் வைப்பதில்லை. சூட்டுக்குக் கொண்டுவந்தால் துப்பாக்கி மேலே இருக்கிற குறிக்கண்ணாடியில் ஆவி படியும். எல்லாம் வெளித் தாழ்வாரத்தில்தான் தொங்கும். குறிக்கண்ணாடியின் மேலே சின்ன மூடி, மூடிக்குள்ளே குறியை ஏற்றி இறக்கும் ஒரு திருகு. சட்டைப்பையில் இருந்த ஒரு சில்லறைக் காசை அதில் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். அவ்வளவுதான். குண்டு ஒன்றரை முழம் மேலே போகும். மானின் முதுகைத் தாண்டிப் போய்விடும், அதற்கும் காயமில்லை. பிறகு விறகை எடுத்துக்கொண்டு சவுனாவுக்குப் போனேன். அன்றைக்குச் சூடு அருமையாக இருந்தது.

மறுநாள் ஆர்விட் ஒரு பெரிய கலைமானைத் தவறவிட்டான். சட்டை வால் போயிற்று. பாட்டும் கும்மாளமுமாக இருந்தது. ஊருக்குக் கிளம்பும் முன்னால் நான் ஞாபகமாகத் திருகைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் ஊரில் அவன் சுட்டுப் பார்த்தால் தகரடப்பா தெறிக்கும். ஜல்லிக்குழியில் சுட்டாலும் ஒரே ஓட்டை. வேட்டை தொடங்கிய பிறகு முகாம் பக்கத்தில் வீண்வெடி வெடிக்கக் கூடாது, மான் கலைந்துவிடும் என்பது விதி. ஆக, அவன் குண்டு மேலே போவது மானைப் பார்க்கும்போது மட்டும்தான்.

"டப்பாவ அடிக்கிற, மான அடிக்க மாட்டேங்குற. இது மான் ஜுரம்டா தம்பி" என்றார் நெஸ்டர். "மானப் பாத்ததும் நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். எங்க சித்தப்பாவுக்கு இருந்துச்சு. கடைசி வரைக்கும் தீரல."

ஆர்விட் அதை நம்பிவிட்டான். நான் நம்பச் சொல்லவில்லை. கை நடுக்கமாக இருக்கும் என்று அவனே முடிவுசெய்து காப்பியை விட்டான். ஐயா, நம் பனிநாட்டு ஜனங்கள் தாய்ப்பால் மறந்ததும் காப்பிக்குத்தான் மாறுகிறார்கள். அப்பேர்ப்பட்ட இனத்தில் பிறந்தவன், எல்லாரும் ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிடும்போது வெந்நீரில் தோய்த்துச் சாப்பிட்டான். பார்க்கவே பாவமாக இருக்கும். நான் என் கோப்பையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

அடுத்து பீரை விட்டான். அதற்கடுத்து கண்ணாடி போட்டான். கண் டாக்டர் உங்களுக்குக் கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லியும் சண்டை போட்டு வாங்கிக்கொண்டான். ஒரு வருஷம் பாதிரியாரைக் கூட்டிவந்து துப்பாக்கிக்கு ஜெபம் செய்தான். பாதிரியார் அதன்மேல் கைவைத்து மனமுருகி வேண்டினார். சாயங்காலம் நான் திருகைத் திருப்பும்போது மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அதனால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் திருப்பினேன்.

போன வருஷம் ஹெல்மி என்னிடம் வந்து அழுதாள். "அண்ணே, அவரு தூக்கத்துல அவங்க அப்பாகிட்ட மன்னிப்பு கேக்குறாருண்ணே. உன் துப்பாக்கிய நான் அவமானப்படுத்திட்டேன்னு பொலம்புறாரு. நீதான் அவருக்கு நாலு வார்த்தை நல்லதா சொல்லணும்."

சொன்னேன். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். என்னைப் பார், நானும் ஒரு மானுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று கதையை முதலிலிருந்து சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினான். நான் என் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி இன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். காலையில் எல்லார் முன்னாலும் ஆர்விட் எழுந்து நின்று துப்பாக்கியை என் மடியில் வைத்தான்.

"இதோட என் வேட்டை முடிஞ்சுது மச்சான். எங்கப்பா துப்பாக்கி ஒரு தடவையாவது மான் அடிக்கணும். அது உங்க கையால நடக்கட்டும்."

எல்லாரும் கைதட்டினார்கள். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. சரி, பரணுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து, நேற்றுச் சாயங்காலம் வழக்கம்போல் திருப்பிவைத்த திருகைச் சரிசெய்துகொள்ளலாம் என்று கிளம்பினால், "நானும் கூட வரேன், கண்ணால பாத்துட்டு வரேன்" என்று பரணில் என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துவிட்டான். மூக்கைச் சொறியக்கூட இடமில்லை.

அப்போதுதான் அந்தக் கலைமான் வந்தது. அதன் கொம்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு பழைய மரக்கட்டைக்குப் பின்னால் பக்கவாட்டில் வந்து நின்றது. வயிற்றுக்குக் கீழே கட்டையின் தலை தெரிந்தது.

"சுடுங்க மச்சான்" என்று ஆர்விட் காதில் கிசுகிசுத்தான்.

பதறாமல் கணக்குப் போட்டேன். குண்டு ஒன்றரை முழம் மேலே போகும். அப்படியானால் ஒன்றரை முழம் கீழே குறி பார்க்க வேண்டும். கட்டையின் தலைக்கு நடுவில் ஒரு கணு இருந்தது. அதைக் குறிவைத்துச் சுட்டேன். கணுவிலிருந்து சிராய் தெறித்துப் பறந்தது. மான் தன் கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

ஆர்விட் என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினான். அவசரப்படவில்லை, கை நடுங்கவில்லை. நேராக மானின் நெஞ்சைப் பார்த்து ஒரே வெடி. மான் நின்ற இடத்திலேயே மடங்கியது. வெளியே கம்பத்தில் தொங்குகிறதே, அதுதான்.

பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான். "கோடையில மூடியத் தொறந்து தொடச்சப்போ திருகுல காசு கீறுன தடம் பாத்தேன் மச்சான். ஒண்ணு ரெண்டு இல்ல. யாருன்னு தெரியல. அதான் நேத்து சவுனாவிலேர்ந்து வந்ததும் திருகை நானே பாத்துத் திரும்ப சரி பண்ணிட்டேன். விஷயம் தெரியாதவன் மானப் பாத்துச் சுடுவான். தெரிஞ்சவன் மட்டும்தான் கீழ பாத்துச் சுடுவான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சொல்வாங்க. உங்களுக்கு அது குறியே பாக்குது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குரல்தான் உடைந்துபோயிருந்தது. "உங்களக் கடைசியாத்தான் சந்தேகப்பட்டேன். துப்பாக்கிய உங்க மடியில வைக்கும்போது, நீங்களா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்" என்றான். முகாமுக்கு வந்ததும் நேராக அடுப்புக்குப் போய்க் காப்பியை ஊற்றிக்கொண்டான். அப்போது உட்கார்ந்தவன்தான், இன்னும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"தன் வினை தன்னைச் சுடும்னு கேட்டிருக்கேன்" என்றார் நெஸ்டர். "எய்னாரு விஷயத்துல அதுகூட குறி தப்பி கட்டையில பட்டிருக்கு." சொல்லிக்கொண்டே ஏணியைப் போட்டு, அடுப்புக்கு மேலே இருந்த என் மான்தலையைக் கீழே இறக்கினார். புதிய கொம்போடு அளந்து பார்க்கத்தான். வெளிச்சத்தில் வைத்ததும் கொம்பின் நுனியை விரலால் சுரண்டினார்.

நுனியில் இருந்த அந்த ஆரஞ்சுக் கறையை நான் இதுவரை மரப்பிசின் என்று சொல்லிவந்தேன். பெயின்ட்தான். நான் சாலையில் பனி தள்ளும் ஆரஞ்சு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலம். வளைவில் இந்த மான் குறுக்கே வந்தது, பிரேக் பிடிக்கவில்லை. அதை நான் சுடவில்லை என்பது ஒருவகையில் உண்மை. ஆனால் வண்டியை ஓட்டியது நான்தானே. அதற்குப் பிறகு எத்தனையோ மான்கள் என் பரணுக்கு முன்னால் வந்தன. ஒன்றின் மீதும் நான் சுடவில்லை. சுட்டால் தவறிவிடலாம், தவறினால் சட்டை போய்விடும். இந்த முகாமில் ஒரு முறைகூடக் குறி தவறாதவன் நான் ஒருவன்தான். அந்தப் பெயரை லேசில் விட முடியுமா?

எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன், ஐயா. திருகைத் திருப்பியது நான். ஆர்விட்டின் காப்பி, பீர், தூக்கம் எல்லாம் போனது என்னால். ஹெல்மியிடம் நீங்களே சொன்னாலும் சரி. நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள், மான்தலையைக் கழிவறையில் மாட்டுங்கள், அடுத்த வருஷம் என்னைச் சேர்க்காதீர்கள். எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்களைக் கூட்டிவந்தது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல. நான் குறி தவறினேனா? நான் குறி பார்த்தது கட்டையை. குண்டு பட்டது கட்டையில், அதுவும் கணுவின் நட்ட நடுவில். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வந்ததும் அந்தக் கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். அப்படியே, அடுப்புக்கு மேலே இன்னொரு ஆணிக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டை அப்படியொன்றும் கனமில்லை.