ஒரு யூனிட் இருட்டு

...உதவுமா உதவாதா, அத மட்டும் சொல்லுங்கன்னுதான் சார் கேக்கறேன். வாயப் பிளந்து வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றதுன்னு பாக்கறீங்க. மூடிடாதீங்க, மூடிடாதீங்க. ஊசி போட்டு அஞ்சு நிமிஷமாச்சு, உதடு மரத்திருக்கும். இங்க தட்டினா வலிக்குதா? இல்லல்ல? நல்லது. முன்பல்லு பாதிதான் போயிருக்கு, வேர் தப்பிச்சிடுச்சு. எக்ஸ்ரே பாத்துட்டேன். ஒரே சிட்டிங்ல கட்டிக் குடுத்துடறேன். அப்புறம் எது நெசப் பல்லு, எது நான் வச்சதுன்னு உங்க வீட்டம்மாவே திணறணும்.

நீங்க மின்சார ஆபீஸ்லதான வேலை? எந்த ஊருக்கு எவ்வளவு கரண்ட் போகுதுன்னு ராப்பகலா திரையில பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற வேலைன்னு வாட்ச்மேன் சொன்னாரு. பாருங்க என் நேரத்த. பத்து வருஷமா எனக்கு ஒரு சந்தேகம். அத தீத்து வைக்கக்கூடிய ஒரே ஆளு என் நாற்காலியில வந்து படுத்திருக்காரு. அவர் வாயில ரெண்டு பஞ்சு, ஒரு குழாய், என் அஞ்சு விரல்.

சரி, கையால சொல்லுங்க. ஒரு மணி நேரம் வீட்டு லைட்ட அணைக்கறதால பூமிக்கு நல்லதுன்னா ஒரு விரல். ஒண்ணும் இல்லன்னா ரெண்டு விரல்... என்ன சார், கைய இப்படியும் அப்படியும் ஆட்டறீங்க? என் வீட்டுக்காரர் மாதிரியே இருக்கீங்களே. அவரும் எதுக்குமே ஒரு விரல் காட்ட மாட்டாரு.

அவரப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம குடியிருப்புக்கு செயலாளரா இருந்தாரு, போன வாரம் வரைக்கும். நீங்க குடிவந்து ரெண்டு வாரங்கூட ஆகல, அதனால அவரோட முழு மகிமை உங்களுக்குத் தெரியாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இந்த இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு ரூமுக்குள்ள போய் லைட்டப் போட்டா, நான் வெளிய வர்றதுக்குள்ள அது அணைஞ்சிருக்கும். சில நாள் நான் உள்ளயே இருப்பேன், அப்பவும் அணைஞ்சிருக்கும். தலைக்கு சோப்புப் போட்டுக்கிட்டு இருக்கேன் சார், பாத்ரூம் லைட்டு பட்டுன்னு போகுது. கத்தினா வெளியேர்ந்து குரல் வருது, "தண்ணி சத்தம் கேக்கல, நீ குளிச்சு முடிச்சிட்டேன்னு நெனச்சேன்." சோப்புப் போடும்போது எதுக்குத் தண்ணியத் திறக்கணும்? திறந்திருந்தா அதுக்கும் ஒரு பாட்டு வந்திருக்கும்.

தலைய இந்தப் பக்கம் கொஞ்சம். ஆங். இப்ப ஒரு மருந்து தடவறேன், கொஞ்சம் புளிக்கும். முழுங்காதீங்க, குழாய் இழுத்துக்கும்.

அந்த மனுஷன்தான் முந்தின வாரம் சனிக்கிழமைக்குன்னு நோட்டீஸ் ஒட்டினாரு. லிஃப்ட்டுல பாத்திருப்பீங்க. 'பூமிக்காக ஒரு மணி நேரம். எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை அனைவரும் விளக்குகளை அணைக்கவும். மாடிப்படி விளக்குகளும் லிஃப்ட்டும் மட்டும் வழக்கம்போல் இயங்கும். அனைவரும் மொட்டை மாடிக்கு வருக.' நான் கேட்டேன், "ஏங்க, இதுல எவ்வளவுங்க மிச்சமாகும்?" நானே கணக்குப் போட்டேன். இருபத்துநாலு வீடு. வீட்டுக்கு அஞ்சு பல்பு. பல்பு ஒவ்வொண்ணும் ஒம்பது வாட். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. உங்களுக்குத் தெரியாததா? அதோ அந்த மூலையில இருக்குல்ல, என் கருவியெல்லாம் ஆவியில அவிக்கற பெட்டி. அது ஒரு தடவை ஓடினா அந்த யூனிட்டு காலி. ஒரு கட்டடமே இருட்டுல உக்காந்து மிச்சம் பிடிச்சத நான் நாலு இடுக்கி கழுவித் தீத்துடுவேன்.

இதச் சொன்னேன். அதுக்கு அவர் சொல்றாரு, "இந்த ஒரு மணி நேரத்துக்காக இல்லம்மா. வருஷத்துல மிச்சம் எட்டாயிரத்து எழுநூத்தம்பத்தொம்பது மணி நேரம் இருக்கு, அதுக்காக." எப்பவோ உக்காந்து பெருக்கி வச்சிருக்காரு பாருங்க. அதாவது, ஒரு மணி நேரம் இருட்டுல உக்காந்தவன் மறுநாள் காலைல ஃபேன நிறுத்திட்டு வெளிய போவானாம். போவானா சார்? நம்ம தலைவர் போவாரா? அஞ்சாவது மாடி. சங்கத் தலைவர். அவங்க வீட்டுல நாலு பேருக்கு ஆறு ஏ.சி.

சரி, சனிக்கிழமைக்கு வர்றேன். எட்டு மணிக்கு நான் இங்கதான் இருக்கேன், நம்ம கட்டடத்துக்குக் கீழயே இருக்கற இந்தக் க்ளினிக்குல. ஒரு வயசானவருக்குக் கீழ்ப் பல்லு செட்டு. அச்செடுத்து, மாவு ஊத்தி, அது இறுகற நேரம், கையெடுக்க முடியாது. எட்டு அடிச்சு ரெண்டு நிமிஷம். என் வீட்டுக்காரர் கதவத் திறந்து எட்டிப் பாக்கறாரு. "நோயாளி யாரும் இல்லல்ல?"ன்னாரு, பட்டுன்னு ஸ்விட்ச அணைச்சாரு, போயிட்டாரு. நோயாளி இல்லதான். அவரோட பல்லு இருக்கே. இருட்டுல கை இடிச்சு அச்சு கீழ விழுந்து ரெண்டாப் போச்சு. அந்தப் பெரியவர இன்னொரு தரம் வரவழைக்கணும். நாலாவது தெருவுலேர்ந்து கோல் ஊனிக்கிட்டு வர்ற மனுஷன் சார்.

எனக்கு ஆத்திரம் எப்படி வந்திருக்கும். கோட்டக்கூடக் கழட்டாம வெளிய வந்து அண்ணாந்து பாத்தேன். மேல மொட்டை மாடியில இவர் மைக்கு வச்சுக்கிட்டுப் பேசறாரு. மைக்குக்குக் கரண்ட் வேண்டாமான்னு நீங்க கேப்பீங்க, நானும் அதான் கேட்டேன். "இருபத்துநாலு வீடும் இருட்டில் இருக்கிறது, பெருமையாக இருக்கிறது" அப்படிங்கறாரு. கீழேர்ந்து பாத்தா எனக்குத் தெரியுது. ரெண்டாவது மாடித் திரைக்குப் பின்னாடி டிவி நீலமா மினுக்குது. நாலாவது மாடியில ரெண்டு வீட்டுல. தலைவர் வீட்டுல ஆறு ஏ.சி.யும் வெளிப்பக்கமா உறுமிக்கிட்டு தண்ணி சொட்டுது. லைட்ட மட்டுந்தான அணைக்கச் சொன்னாங்க, அணைச்சாச்சு. அவ்வளவு பேரும் அவர முட்டாளாக்கிட்டு உள்ள உக்காந்திருக்காங்க. இவர் மேல நின்னு நன்றி சொல்றாரு.

அப்பத்தான் மெயின் போச்சு. மொத்தக் கட்டடமும். டிவி, ஏ.சி., மைக்கு, லிஃப்ட்டு, மாடிப்படி, எல்லாம். பதினோரு நிமிஷம்.

வலிக்குதா? ஏன் புருவத்த நெரிக்கறீங்க? சரி.

அந்தப் பதினோரு நிமிஷத்துல தலைவர் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரு. மொட்டை மாடிக்கு மெழுகுவத்தி எடுத்துட்டுப் போனாராம், ஒரு அட்டைப்பெட்டி நிறைய. தீப்பெட்டி எடுத்துட்டுப் போகல. நூறு மெழுகுவத்தியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருட்டுல நின்னிருக்காரு. இதச் சொல்லி நான் சிரிக்கணும். என்னால சிரிக்க முடியல சார், ஏன்னா அதே நேரத்துலதான் நீங்க ஒண்ணாவது மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் நடுவுல உருண்டீங்க. பாதிப் பல்லு, உதட்டுல ரெண்டு தையல். அப்ப குடிவந்து நாலே நாளு. படி எத்தனைன்னுகூட உங்க காலுக்குப் பழகியிருக்காது.

மறுநாள் கூட்டம் போட்டாங்க. நீங்க வரல, முகம் வீங்கிக் கெடந்தீங்க. தலைவர் ஆரம்பிச்சாரு, "செயலாளர் ஆர்வக் கோளாறுல மெயினையே இறக்கிட்டாரு." எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. திரைக்குப் பின்னாடி டிவி பாத்தவங்கதான் ரொம்பச் சத்தம். இவர் எழுந்து நின்னாரு. நான் நெனச்சேன், இப்பச் சொல்லுவாரு, நான் மாடியில மைக்கப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், எனக்கென்ன நாலு கையான்னு. "ஆமா, என் தப்புதான்" அப்படின்னாரு. செயலாளர் பதவி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. செய்யாத தப்புக்கு எந்த மனுஷனாவது கையெழுத்துப் போடுவானா?

அன்னைலேர்ந்து எட்டு நாளாச்சு. ஒரு லைட்டையும் அணைக்க மாட்டேங்கறாரு. எங்க வீடு கல்யாண மண்டபம் மாதிரி ஜெகஜோதியா எரியுது. சமையல் ரூம்ல ஆளே இல்ல, எரியுது. நடுப்பகல்ல பால்கனி விளக்கு எரியுது. அவர் நாற்காலியப் போட்டு பேப்பர மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, பக்கத்தப் புரட்டறதில்ல. இருபத்திரண்டு வருஷமா எந்த லைட்ட அணைக்காதீங்கன்னு கத்தினேனோ, அந்த லைட்ட இப்ப நான் போய் அணைக்கறேன் சார். ஒவ்வொண்ணா. கை கூசுது.

கண்ண மூடிக்கோங்க. இப்ப இந்த நீல வெளிச்சத்தக் காட்டணும், பல்லு இறுகறதுக்கு. இருபது செகண்ட். கண்ணாடியும் போட்டுவிடறேன். திறந்துடாதீங்க.

...நான்தான் சார் இறக்கினேன்.

திறக்காதீங்கன்னேனே. வாயையும் மூடாதீங்க. இன்னும் பத்து செகண்ட் இருக்கு.

பார்க்கிங்குல மெயின் போர்டு பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். அந்த டிவி மினுக்கறதப் பாத்தேன். இவர் மேல நின்னு நன்றி, நன்றின்னு சொல்றது காதுல விழுது. இருட்டுதான வேணும், முழுசா வச்சுக்கோங்கன்னு தோணுச்சு. கைப்பிடியப் பிடிச்சு ஒரே இழுப்பு. யோசிக்கவே இல்ல. மாடிப்படி விளக்கு எரியணும்னு அவர் நோட்டீஸ்ல தனியா எழுதியிருந்தாரு, அடியில கோடு வேற போட்டிருந்தாரு. அது ஞாபகமே வரல எனக்கு.

இன்னொரு அடுக்கு வைக்கணும். இருங்க. மறுபடியும் கண்ண மூடுங்க.

இழுத்ததும் ஒரு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. உறுமல் எல்லாம் நின்னுபோச்சு. பால்கனியில ஒவ்வொருத்தரா வெளிய வந்தாங்க. ஒரே வரிசையில மூணு வருஷமா இருக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் அப்பத்தான் "உங்க வீட்டுலயும் போச்சா"ன்னு கேட்டுக்கறாங்க. அப்புறம் நீங்க விழுந்த சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துக்குப் பேர் வேற வேணுமா. கைப்பிடியத் தூக்கிப் பாத்தேன், மேல போகல, சிக்கிக்கிச்சு. தூக்கினேன், தூக்கினேன். கை வேர்த்து வழுக்குது. வாட்ச்மேன் வர்ற சத்தம் கேட்டதும் தூணுக்குப் பின்னாடி ஒதுங்கிட்டேன். படிச்ச பொம்பள, பல் டாக்டர், தூணுக்குப் பின்னாடி. அவர்தான் வந்து கைப்பிடியத் தூக்கிவிட்டாரு.

கூட்டத்துல எழுந்து சொல்லியிருக்கணும். நாற்காலியோட கைப்பிடியப் பிடிச்சேன், எழப் பாத்தேன். என் வீட்டுக்காரர் முந்திக்கிட்டாரு. அதுக்கப்புறம் சொன்னா அவரப் பொய்யனாக்கின மாதிரி ஆயிடும்னு எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கிட்டேன். எட்டு நாளா அந்தச் சாக்கத்தான் சாப்பாட்டோட சேத்து முழுங்கறேன். உங்ககிட்டச் சொல்லிப் பாக்கலாம்னு தோணுச்சு. நீங்க எழுந்து ஓட முடியாது, திருப்பிக் கேக்க முடியாது. கோழைத்தனந்தான்.

முடிஞ்சது. தேய்ச்சு வழவழன்னு ஆக்கியாச்சு. வாய் கொப்பளிங்க. மெதுவா எழுந்து உக்காருங்க. கண்ணாடியில பாருங்க. எது நான் வச்சதுன்னு தெரியுதா?

என்ன? தெழியுமா? உதடு இன்னும் மரத்திருக்கு, நிதானமாச் சொல்லுங்க... தெரியும்? பல்லா? பல்ல இல்லையா? பின்ன என்ன தெரியும்?

...எப்படித் தெரியும்?

படிக்கட்டு ஜன்னல் வழியா. ஆமா, அங்கேர்ந்து பார்க்கிங் தெரியும். நீங்க படியில கெடந்தப்ப மேலேர்ந்து டார்ச்சோட ஒருத்தர் ஓடி வந்தாரு. யாரு, என் வீட்டுக்காரரா? மொட்டை மாடியிலேர்ந்து இருட்டுல அத்தனை மாடி இறங்கியா? முட்டி வலிக்காரர் சார் அவர். சரி, உங்களத் தூக்கி உக்கார வச்சாரு. அப்புறம் ஜன்னல் வழியா டார்ச்சக் கீழ அடிச்சாரு... போர்டு பக்கத்துல வெள்ளைக் கோட்டு. கைப்பிடியத் தூக்கிக்கிட்டு இருந்தேன். ஆமா. ஒரு வெளிச்சம் வந்துட்டுப் போச்சு. வெளிய போற காருன்னு நெனச்சேன்.

உடனே அணைச்சிட்டாரா? டார்ச்சையா?

அவ்வளவு ரத்தம் கொட்டுது, அந்த நேரத்துல எதுக்கு அணைக்கறாருன்னு நீங்க கேட்டீங்களா? என்ன சொன்னாரு?

...சும்மா உங்க கையப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரா, கரண்ட் வர்ற வரைக்கும்.

இத உள்ள வந்ததுமே சொல்லியிருக்கலாமே சார். முக்கால் மணி நேரமா ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்திருக்கீங்க... ஆமா. நான்தான் ஊசி போட்டேன். நான்தான் பஞ்சு வச்சேன். சரி.

எட்டு நாளு. தெரிஞ்சுக்கிட்டேதான் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்காரு. உப்பு போதுமான்னு நான் கேக்கறேன், போதும்ங்கறாரு. நான் சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்காரா, சொல்லவே வேணாம்னு இருந்தாரா, அதுகூட எனக்குத் தெரியல.

ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் கடிக்காதீங்க. சூடா எதுவும் குடிக்காதீங்க, மரத்த உதடு வெந்துடும். ஒரு வாரம் கழிச்சு வாங்க, பாக்கறேன்.

சிஸ்டர், இவர வெளிய கூட்டிட்டுப் போய்க் கொஞ்ச நேரம் உக்கார வைங்க. அடுத்து யாரு, அந்தக் கீழ்ச் செட்டுப் பெரியவரா? அவர்கிட்டச் சொல்லுங்க, டாக்டர் மேல வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு. எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா... தெரியாதுன்னு சொல்லுங்க.