முதலாவது படத்திலை நிக்கிற பிள்ளை

இல்லை அன்ரி, நீங்களே சொல்லுங்கோ. போனிலை மீன் விக்கிற ஆப்பிலை ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ர படம் நிண்டா எவனுக்கும் உடனை விளங்கும், இது பிழையா வந்திட்டுது எண்டு. கலியாணம் பேசுற ஆப்பிலை நிண்டா? ஆருக்கு விளங்கும்? பிழையை ஆரிலை போடுறது? என்னிலைதான். எல்லாரும் என்னிலைதான் போடுகினம்.

யன்னலைச் சாத்தட்டோ, புழுதி வருது… மன்னாரிலை ஏறினதிலையிருந்து நீங்கள் ஒரு சொல்லும் கதைக்கேல்லை, நான்தான் புலம்பிக்கொண்டு வாறன். கோவிக்காதேங்கோ. அரிப்பு வரைக்குந்தான், அந்த ஊரிலை நான் இறங்கிடுவன். நீங்களும் அங்கையோ? அப்ப நல்லது, கதைச்சுக்கொண்டு போகலாம்.

நான் பிரதீபன். ஊர் பள்ளிமுனை. போனுக்கு ஆப் செய்து குடுக்கிறன். கொம்பனி ஒண்டும் இல்லை. விறாந்தையிலை ஒரு கதிரை, ஒரு லப்டொப், அதுதான் கந்தோர். தமிழ்நாட்டிலை அகதி முகாமிலை இருக்கேக்கை படிச்ச படிப்பு. திரும்பி வந்து முதல் செய்தது ஒரு ரியூசன் சென்ரருக்கு. மூண்டு மாசம் அன்ரி. ஆள் உள்ளுக்கு வாறதுக்கு ஒரு வாசல், பாஸ்வேட் மறந்தவனுக்கு வேறை வாசல், படம் போடுற இடம், செய்தி போற வழி, எல்லாம் ஒண்டொண்டா இருந்து எழுதினன். முடிச்சுக் குடுத்தா அந்த மனிசன் கேக்கிறார், ஏன் தம்பி பச்சை நிறம், எனக்கு நீலமெல்லோ பிடிக்கும் எண்டு. அவர் தந்ததுக்கு நான் கரைவலை இழுக்கப் போயிருக்கலாம், கறிக்கு மீனாவது மிஞ்சியிருக்கும்.

எருக்கலம்பிட்டியிலை நிப்ராஸ் எண்டு ஒரு கூட்டாளி இருக்கிறான். புத்தளத்திலை வளந்து இப்பதான் ஊருக்கு வந்தவன், அவனுக்கும் இதே தொழில். என்னைப் பாத்துச் சிரிக்கிறான். "டேய், அதே வாசலை ஏன்டா ஒவ்வொரு தரமும் புதுசாக் கட்டுறாய்? ஒருக்கா எழுதி வைச்சிரு. ஆள் வர வர பேரையும் நிறத்தையும் மாத்திக் குடு" எண்டான். ரெம்பிளேற் எண்டு சொல்லுவினம் அன்ரி. எல்லா ஆப்புக்கும் பொதுவான அடி. அதைக் கையிலை வைச்சிருந்தா மூண்டு மாச வேலை ஒரு கிழமையிலை முடியும். காசு அதே காசு. அப்பதான் இந்தத் தொழிலிலை நாலு சதம் கண்ணாலை கண்டனான்.

உது ஏமாத்து வேலையெண்டு நினைக்காதேங்கோ. திரும்பி வந்த சனத்துக்கு வீட்டுத்திட்டம் குடுத்தவை, ஒரே படந்தானே? ரெண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. ஆராவது போய், "அடுத்த வீட்டுக்காரனுக்குக் கீறின படத்தையே எனக்கும் தந்தனீங்கள்" எண்டு சண்டை பிடிச்சவையே? குடிபோனவை, சுவருக்குத் தங்களுக்குப் பிடிச்ச நிறத்தை அடிச்சவை, முடிஞ்சுது. ஆப் எண்டா மட்டும் எல்லாருக்கும் நாக்கு நீளும்.

சரி, எங்கை விட்டன்… ஓம், படம். வெறும் ஆப்பைத் துறந்து காட்டினா ஒருத்தருக்கும் பிடிக்காது. மாதிரிக்கு உள்ளுக்கு ஒரு ஆள் நிக்கவேணும். ஒரு படம், கீழை ரெண்டு வரி. நிப்ராஸ் தன்ரையிலை ஒரு பூனையைப் போட்டு வைச்சிருக்கிறான். என்ரையிலை ஒரு பிள்ளை. எந்தப் பிள்ளையோ? அதைப் பிறகு சொல்லுறன், பொறுங்கோ.

முதல் வாங்கினது செலீனா அக்கா. எங்கட பள்ளிமுனையிலைதான் மீன் வாடி. காலமை வாற மீனைப் படமெடுத்துப் போடுவா, சனம் வீட்டிலை இருந்து "வேணும்" எண்டு தட்டும். நான் குடுக்கேக்கை மாதிரிப் படத்தை எடுக்க மறந்திட்டன். முதலாவது படத்திலை அந்தப் பிள்ளை, ரெண்டாவது பாரை, மூண்டாவது விளைமீன். ஆரோ ஒரு பாங்க் மனேச்சர் முதலாவது படத்தைத் தட்டிப்போட்டு எழுதியிருக்கிறார், அரைக் கிலோ, வெட்டித் துப்பரவாக்கித் தரவும் எண்டு. செலீனா அக்கா போனிலை ஏசினா பாருங்கோ, காது இப்பவும் கூவுது. உடனை எடுத்துவிட்டன். அவவின்ர ஆப்பிலை எடுத்தன். அடியிலை இருக்கிற ரெம்பிளேற்றிலை எடுக்கேல்லை. அங்கைதான் சனியன் பிடிச்சது.

பிறகு வந்தது பேசாலை மெற்றில்டா அக்கா, கலியாணத் தரகர். படங்களைப் பையிலை கட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாத் திரிஞ்ச மனிசி, தனக்கும் ஒரு ஆப் வேணுமாம். வெளிநாட்டு மாப்பிள்ளையள் அதிலைதான் பாப்பினமாம். அதே ரெம்பிளேற்றை எடுத்து, செலீனா அக்காவுக்கு எழுதின வரியளைப் போட்டு, "மீன்" எண்டு கிடந்த இடமெல்லாம் "பெண்" எண்டு மாத்தி, நீல நிறம் அடிச்சு, ரெண்டு நாளிலை குடுத்திட்டன். "இண்டைக்கு வந்தது" எண்டு ஒரு வரி, அதை மட்டும் மாத்தேல்லை. அது பொருந்துதுதானே.

அங்கையும் அந்தப் பிள்ளை முதலாவதா நிக்குது. கீழை என்ன எழுதியிருக்கு எண்டா, "நல்ல குணம். வடிவாச் சமைக்கும். கோபமே வராது." கனடாவிலை இருந்து கேள்வி, லண்டனிலை இருந்து கேள்வி. மெற்றில்டா அக்காவுக்குச் சந்தோசம் தாங்கேல்லை. தான்தான் எங்கையோ போட்டிட்டு மறந்திட்டன் எண்டு நினைச்சு, ஊரெல்லாம் விசாரிச்சு, கடைசியா அரிப்பிலை வீட்டைக் கண்டுபிடிச்சு, பிள்ளையின்ர தகப்பனிட்டைப் போய் நிண்டிருக்கிறா. கனக்க மாப்பிள்ளை வந்திருக்கு, எதைப் பாப்பம் எண்டு.

அன்ரி, அந்தப் பிள்ளை ஜெனிஸ்ரா. நான் கலியாணம் முடிக்கப்போற பிள்ளை.

போன ஞாயிறுதான் மாதா கோயில்லை எங்கட கலியாணத்துக்கு முதலாவது ஓலை வாசிச்சது. பூசை முடிய, இன்னாரும் இன்னாரும் கலியாணம் முடிக்கப்போகினம், தடை தெரிஞ்சாக்கள் வந்து சொல்லுங்கோ எண்டு சாமியார் வாசிச்ச சத்தம் இன்னும் காதிலை நிக்குது. அதுக்குள்ளை இந்தக் கூத்து. அமிர்தநாயகம் மாமா, அதுதான் தகப்பன், போன் எடுத்து ஆறுதலாக் கேட்டார். "தம்பி, ஒரு பக்கம் ஓலை வாசிக்குது, மற்றப் பக்கம் என்ர மகளுக்கு நீயே மாப்பிள்ளை தேடிப் போட்டிருக்கிறாய். விருப்பமில்லையெண்டா நேரை சொல்லியிருக்கலாம்." இந்த ஞாயிறு வாசிக்கிற ரெண்டாவது ஓலையை நிப்பாட்டச் சொல்லப்போறாராம். ஏசியிருந்தாத் தாங்கியிருப்பன். ஜெனிஸ்ரா போனை எடுக்கிறாளில்லை. அதுதான் நேரை போறன்.

என்ன சொல்லப்போறனோ? கம்பியூட்டர் தானாப் போட்டிட்டுது எண்டு சொல்லுவன். மெற்றில்டா அக்கா கவனிக்கேல்லை எண்டு சொல்லுவன்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்… ஓம் அன்ரி. தானாப் போடாது. நான்தான் போட்டனான். ஒரு ஆப் செய்யேக்கை அதை விடிஞ்சாப் பொழுதுபட்டாத் துறந்து துறந்து பாக்கவேணும். பூனையைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. அவளின்ர முகம் வந்தா, பிழை வந்தாலும் எரிச்சல் வராது. கோபமே வராது எண்டு எழுதினதும் நான்தான், பகிடிக்கு. இதை எப்பிடி மாமாவின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுறது? வெக்கமாக் கிடக்கு அன்ரி. உங்களை முன்னைபின்னைத் தெரியாது, அதாலை சொல்லிப்போட்டன்.

என்ன, போனை நீட்டுறியள்… வீடு தெரியுமோ எண்டோ? ஆரின்ர வீடு, காட்டுங்கோ… இது மெற்றில்டா அக்காவின்ர ஆப்… முதலாவது படம்…

நேற்றே எடுத்திட்டன் அன்ரி, நீங்கள் அப்டேட் பண்ணேல்லை. உங்கட மகனுக்குப் பொம்பிளை பாக்கவோ போறியள்? கட்டாரிலை வேலையோ? மாமாவே வந்து பாக்கச் சொன்னவரோ?

அன்ரி, இந்தப் பிள்ளை உங்களுக்குச் சரிவராது. சமைக்கத் தெரியாது, சோறு அடிப்பிடிக்கும். கோபம் வந்தா மூண்டு நாளைக்கு ஒரு சொல் கதைக்காது. உங்கட மகன் பாவமெல்லோ. நம்பாட்டி நில்லுங்கோ, ஓலை வாசிச்ச அண்டு கோயில் வாசல்லை ரெண்டு பேருமா நிண்டு எடுத்த படம் காட்டுறன்… இந்தப் பைக்குள்ளைதான் போன்… சார்ஜர் வருது, வேதப்புத்தகம் வருது, போன் மட்டும்… ஆ, இந்தா. பாருங்கோ.

அன்ரி?

கொண்டக்டர் அண்ணை, பக்கத்திலை இருந்த அன்ரி எங்கை? இறங்கிட்டாவோ? அரிப்பு போட்டுதோ, பஸ் வெளிக்கிட்டிட்டுதோ? ஏன் அண்ணை சொல்லேல்லை. ரெண்டு தரம் கத்தினனீங்களோ… நான் கதைச்சுக்கொண்டிருந்திட்டன். இந்த யன்னல் துறக்குதில்லை… அந்தா நிக்கிறா. கூட்டிக்கொண்டு போக மாமாவும் வந்து நிக்கிறார்.

அன்ரி! மாமா! கம்பியூட்டர் போடேல்லை மாமா, நான்தான் போட்டனான். பாத்துக்கொண்டிருக்க ஆசையிலை போட்டனான். எனக்கு ஜெனிஸ்ரா வேணும் மாமா, ஓலையை நிப்பாட்டாதேங்கோ.

என்ன அண்ணை, எல்லாரும் திரும்பிப் பாக்கினமோ? பாக்கட்டும். பெல்லை அடியுங்கோ, நான் இறங்கவேணும்.