மேற்பிரிவுக்குப் பேர் கொடுப்பது

“எங்கடை பிள்ளையள் இனியெண்டாலும் தோக்கப் பழகவேணும்.”

கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், முன் இருக்கைக்காரர் இப்படிச் சொன்னதும் காதைக் கொடுத்தேன். முழங்கால்களுக்கிடையில் இரண்டு கிரிக்கெட் மட்டைகள் வைத்திருந்தார். பெண்பிள்ளைகளின் மென்பந்து அணிக்கு அவர்தான் பயிற்றுநர் என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணின் மகளும் அந்த அணியில்தான் விளையாடுகிறாள்.

“கீழ்ப்பிரிவிலை எல்லாரையும் வெண்டாச்சு, தங்கச்சி. இந்தமுறை மேற்பிரிவுக்குப் பேர் குடுக்கப்போறன்.”

“வேண்டாம் அண்ணை. வெல்லுறபடியாத்தான் ஞாயிற்றுக்கிழமை ரியூசனை விட்டிட்டு விளையாட விடுறம். தோத்தால் ஒரு தாயும் அனுப்பமாட்டா.”

“அதையும் பிள்ளையளிட்டைக் கேட்டனான். தோத்தாலும் வீட்டிலை வெண்டதெண்டு சொல்லுவினமாம்.”

“என்ரை மகளுமோ?”

“அவள்தான் முதல் சொன்னது.”

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள்.

“போன ஞாயிறு பயிற்சிக்கெண்டு மேற்பிரிவு ரீம் ஒண்டோடை விளையாடினவையெல்லோ?”

“ஓம்.”

“வெண்டதெண்டு வந்து சொன்னவள். நான் பாயாசம் காய்ச்சி உங்களுக்கும் குடுத்துவிட்டனான், அண்ணை.”

அவர் மட்டைகளைப் பார்த்தபடி இருந்தார்.

“குடிச்சனான், தங்கச்சி. நல்லாயிருந்தது.”