யோர்க் ரயிலில் இரண்டு சீற்

– கேக்கிற சத்தம் ரயில்தான் ராஜினி. ரயிலுக்குள்ள இருந்து கதைக்கிறன். யோர்க் எண்டொரு ஊருக்குப் போறன்.

– திரும்பவும் ரயிலோ? போன மாதம்தானே பாத் எண்டு ஒரு ஊர்ப் புதினம் சொன்னனீங்கள், ரோமர் கட்டின குளம் எண்டு. ரூபன், உங்களுக்கு அங்க வேலைவெட்டி ஒண்டும் இல்லையோ?

– லீவு நாளில அறைக்குள்ள கிடந்து என்ன செய்யிறது? கேளும், இந்த யோர்க்கில ஊரைச் சுத்தி மதில். எழுநூறு வரியப் பழசு. அதுக்கு மேல ஏறி நடக்கலாமாம்.

– ஏன் ஏறுறாய் எண்டு ஒருத்தரும் கேளாங்களோ?

– ஆர் கேக்கிறது? ரயிலில ரிக்கற் கேப்பாங்கள். அவ்வளவுதான்.

– குடுத்து வைச்ச சனம். இஞ்ச ஓமந்தைச் சாவடிக்கு அங்கால கால் வைக்க இயக்கத்தின்ர பாஸ் வேணும். பாஸுக்கு ஒரு ஆள் பிணை நிக்க வேணும். போனவர் வராட்டிப் பிணை நிண்டவர் துலைஞ்சார். ரயில் எங்க, தண்டவாளமே குண்டுக்குப் பதுங்கிற பங்கருக்கு மேலதான் கிடக்குது. எங்கட பங்கருக்கும் ரெண்டு துண்டு போட்டிருக்கு.

– ஐயோ, அந்தக் கதையை விடும். டர்ஹாம் எண்டு இன்னொரு ஊர் இருக்கு. ரயில் பாலத்தில போகேக்க குன்றுக்கு மேல கோட்டையும் பெரிய தேவாலயமும் தெரியுமாம். நீர் இஞ்ச என்னட்ட வந்தாப்போல அங்கதான் முதல்.

– சொல்லுங்கோ, நிப்பாட்டாதேங்கோ. நேற்று முழுக்கக் கிபிர்ப் பிளேன் குண்டடி. பங்கருக்குள்ள கண்ணை மூடிக்கொண்டு அந்த ரோமர் குளத்துக்குப் போட்டு வந்தனான். ஆவி பறக்கும் எண்டு சொன்னனீங்களெல்லே.

– உம்மட பாஸ் என்ன மாதிரி?

– கண் ஒப்பிரேசனுக்கெண்டு பாஸில வெளியில போன மாமி திரும்பி வந்தாத்தான் நான் அசையலாம். வாற கிழமையோட அவவின்ர பாஸ் முடியுது. ஒப்பிரேசன் என்னவாம்?

– அம்மாவுக்கு இப்ப நல்லாத் தெரியுது.

– அப்பாடா! அப்ப எப்ப வெளிக்கிடுறா?

– பொறும். எனக்குப் பக்கத்துச் சீற்றில ஆர் இருக்கிறது, சொல்லும் பாப்பம்?

– எனக்கென்ன தெரியும்? ஆரும் கூட்டாளியா இருக்கும்.

– இந்தாங்கோ, கதையுங்கோ.

– பிள்ளை ராஜினி! நான்தான், மாமி.

– மாமியோ? நீங்கள் எங்க நிக்கிறியள்?

– இவன் விசா எடுத்து முந்தாநாள் கூப்பிட்டுப்போட்டானடி. ரயிலுக்குள்ள வைச்சுத்தான் உனக்குச் சொல்லவேணுமாம், ஒரே அடம். யன்னலால பாத்தால் வெளி முழுக்கச் செம்மறி. ஒவ்வொண்டா எண்ணலாம் போல தெரியுது. தேத்தண்ணியும் வண்டிலில தள்ளிக்கொண்டு வாறாங்கள்!

– ஓம் மாமி.

– இனி அந்தப் பங்கருக்குள்ள என்னால இறங்கேலாது பிள்ளை. இளையதம்பியை நினைச்சாத்தான் பயமாக் கிடக்குது. கூடப்பிறந்த தம்பி, எனக்கெண்டு பிணை நிண்டவன். வயசு போன ஆள், அவனை ஒண்டும் செய்யாங்கள் எண்டு ரூபன் சொல்லுறான். என்னடி, மாமியோட கோவமே?

– இல்லை மாமி. நீங்கள் ஊரை நல்லாப் பாருங்கோ. போனை அவரிட்டக் குடுங்கோ.

– என்ன, திகைச்சுப் போனீரோ? இனி உம்மட பாஸ் ஒண்டுதான். இளையதம்பி மாமாவுக்கு என்னவும் நடந்தால் நான் பாத்துக்கொள்ளுறன்.

– எழும்பி அங்கால போங்கோ. மாமிக்குக் கேக்கக் கூடாது.

– சரி, கதவடியில நிக்கிறன். சொல்லும்.

– உங்கட மாமாவின்ர பிணையை அவங்கள் ஏற்கேல்லை. அவற்ர மகன் முந்தியே போய் வராமல் நிக்கிறானெல்லே. மாமி வெளியில பஸ்ஸுக்கு நிக்கேக்க, பாஸ் கந்தோருக்குள்ள பிணைக்குக் கையெழுத்து வைச்சது நான்.