உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

வெளியூர் போகும்போது நான் தட்டையான செருப்புதான் போடுவேன். அருங்காட்சியகத்தின் தரை எந்த ஊரிலும் சிமெண்ட்தான். என் கணவர் ஒரு பழைய விமானத்துக்கு முன்னால் நின்றுவிட்டால் கிரேன் வைத்துத்தான் நகர்த்த வேண்டும். இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வருகிற வாரம் அவருக்கு 'கௌரவ ஆலோசகர்' பட்டயம் கொடுக்கப்போவதாக உங்கள் அழைப்பிதழ் வந்தது. காகிதம் நல்ல தரம். விழாவுக்கு முன்னால் இந்த இடத்தின் இயக்குநரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று வந்தேன். காபி வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்.

எங்களுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களிடம் பேசுவது அவர், மற்றதெல்லாம் நான். ரொம்ப வருஷத்துக்கு முன்பு, ஓய்வுபெற்ற விமானி ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர், சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து என் கணவர் விமானத்துறையைச் சேர்ந்தவர். "நாங்க ஏவியேஷன் சைடு" என்பார். எந்த சைடு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதிலை நின்று கேட்க வேண்டியிருக்கும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விடுமுறை என்றால் மற்றவர்கள் கடல் பார்ப்பார்கள், மலை பார்ப்பார்கள். நாங்கள் விமானக் கொட்டகை பார்ப்போம். எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் ஏதாவதொரு இறக்கைக்கு அடியில் நான் நின்றுகொண்டிருப்பேன். ஒரு படத்தில் விமானம் முழுசாக விழுந்திருக்கிறது, என்னுடையது முழங்கை மட்டும். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறார்.

இவ்வளவு சொன்னேன், ஒன்றை விட்டுவிட்டேன். அவர் இதுவரை விமானத்தில் பறந்ததில்லை. பறக்காத விமானம் என்றால் உயிர், பறக்கிற விமானம் என்றால் பத்தடி தள்ளி நிற்பார். "இப்ப இருக்கறதெல்லாம் விமானமா? ரெக்கை வச்ச பஸ்ஸு" என்று விளக்கம் வேறு.

எங்கள் மகள் கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவளைப் பார்க்க டிக்கெட் எடுப்பதும், பெட்டி கட்டுவதும், விமான நிலையம் வரை போவதும் எங்களுக்குப் பழக்கம். பெட்டியை எடை போடுகிற இடத்தில் அவருக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு தடவை தலைசுற்றல். ஒரு தடவை நெஞ்சில் என்னவோ. இன்னொரு தடவை காதுக்குள் கடல் சத்தம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விசிற வேண்டும். விமானம் மேலே போனதும் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுல்ல?" என்பார். நான் தனியாகப் போகிறேன் என்று சொன்னால், "தனியாவா? நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

போன மாதம் மகள் போன் பண்ணினாள். "பித்தப்பைல கல்லும்மா. சின்ன ஆபரேஷன்தான். அவருக்கு லீவு கிடைக்கல. பயமெல்லாம் இல்ல. நீ பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும், அவ்வளவுதான்." போனை வைக்கும் முன், "அப்பாவுக்கு முடியாதுன்னா பரவால்லம்மா" என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் 'பரவால்ல'வைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு டிக்கெட் எடுத்தோம். விமானம் இந்த ஊரிலிருந்து, இரவில். காலையிலேயே வந்து பகலை உங்கள் அருங்காட்சியகத்தில் கழிக்கலாம், மனசு ஒருநிலைப்படும் என்றார். ரயிலில் வரும்போதே இடது கையால் வலது கையின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் வழிகாட்டிப் பெண் நல்ல பொறுமைசாலி. சம்பளம் கூட்டிக்கொடுங்கள். அவள் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் இவர் இருமினார்.

"இந்த இறக்கை மரச்சட்டத்து மேல துணி போர்த்திச் செஞ்சது..."

"துணின்னா? என்ன துணி?"

"லினன், சார்."

"அது ஊருக்கே தெரியுமேம்மா. நெசவு என்ன நெசவு?"

"சார் விமானப்படையில இருந்தீங்களா?"

"சம்பந்தம் உண்டு," என்று கண்ணை மூடித் திறந்தார்.

கூட்டத்தில் ஒரு அம்மா தன் பிள்ளையிடம், "சும்மா இருடா, தாத்தா பேசி முடிக்கட்டும், அப்புறம் ஐஸ்கிரீம்" என்றாள். தாத்தா என்றது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பேச்சை இன்னும் நீட்டினார். பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கிடைத்ததா தெரியவில்லை.

கடைசி ஹாலில் இருக்கிற அந்தப் பெரிய வயிற்றுச் சரக்கு விமானத்துக்கு வந்தோம். அங்கே நீங்கள் வைத்திருக்கிற முறை எனக்குப் பிடிக்கும். உள்ளே ஏறுகிறவர் ஏணிக்குப் பக்கத்துப் பலகையிலிருந்து ஒரு சிவப்பு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், இறங்கியதும் திரும்ப ஆணியில் மாட்ட வேண்டும். எல்லா ஆணியிலும் நாடா இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். காவலாளி கதவைச் சாத்தி ஏணியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். மனிதர்கள் பொய் சொல்லலாம், நாடா சொல்லாது என்கிற நம்பிக்கையில் போட்ட ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

போன வருஷம் இதே விமானத்தின் அடியில் என்னை நிற்க வைத்து அவர் ஒரு பாடம் எடுத்தார். "இந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. வெளியிலிருந்துதான் திறக்கணும். நீ எதையாவது கவனிக்கறியா? நான் சொல்றது ஒண்ணும் உன் காதுல ஏறறதே இல்லை." அந்தக் கடைசிப் பகுதி உண்மையல்ல.

அவர் முன்னால் ஏறினார், நான் பின்னால். நான் ஒரு துணிப்பை கொண்டுபோயிருந்தேன். அதில் தண்ணீர், பிஸ்கட், ஒரு போர்வை, அவருடைய பிரஷர் மாத்திரை. சரக்கு அறையின் பின்பக்கம், பொம்மைச் சிப்பாய் உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்கு அடியில் அதை வைத்தேன். நான் ஈரமில்லாதவள் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அவர் விமானியின் இருக்கையில் போய் உட்கார்ந்து, "ஒரு படம் எடு" என்றார். சட்டைக்கு முன்னால் நாடா தொங்கினால் கம்பீரம் போய்விடும் என்று கழற்றி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டினார். "இதைப் பிடி." தொப்பி, போன், டிக்கெட், மூக்குக்கண்ணாடி எதுவானாலும் அப்படித்தான் நீட்டுவார், நான் அங்கே இருப்பேன். கல்யாணமானதிலிருந்து ஒரு பொருளும் கீழே விழுந்ததில்லை. நான் நாடாவைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய போனிலேயே படமும் எடுத்தேன், நன்றாக வந்திருக்கிறது; போன் என் கையோடு வந்துவிட்டது. எதிரிப்படை வருகிறதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கினேன்.

இரண்டு நாடாவையும் இரண்டு ஆணியில் மாட்டினேன். என் குற்றம் என்று பார்த்தால் அவ்வளவுதான். மூடுகிற மணி அடித்தது. காவலாளி வந்து பலகையைப் பார்த்தார். "நாடா எல்லாம் வந்துருச்சு போல. ஐயா எங்கம்மா?" என்றார்.

"அவரு எப்பவும் முன்னாலயே போயிடுவாரு."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார். அவரும் கல்யாணமானவர் போலிருக்கிறது. கதவைச் சாத்தி, தாழைத் திருகி, ஏணியைத் தள்ளிக்கொண்டு முந்தின ஹாலுக்கு விளக்கணைக்கப் போனார். தயவுசெய்து அவரை ஒன்றும் சொல்லாதீர்கள். முறைப்படிதான் செய்தார்.

மறுநாள் உங்களுக்கு வார விடுமுறை என்பது தெரியுமா என்று கேட்கிறீர்கள். வாசலில் பெரிதாக எழுதித்தானே போட்டிருக்கிறீர்கள். அதற்கடுத்த நாளும் ஏதோ காரணத்தால் அந்த விமானத்தை மட்டும் திறக்காமல் விட்டிருந்தால் என்று கேட்பதும் நியாயம். பிஸ்கட் பெரிய பாக்கெட்.

பக்கத்து இருக்கையில் என் கைப்பையை வைத்துக்கொண்டு பறந்தேன். கைப்பை நல்ல துணை. அதற்குத் தலை சுற்றவில்லை.

மகள் விமான நிலையத்தில் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். "அப்பா எங்கம்மா? இந்தத் தடவையும் ஏறலையா?"

"ஏறிட்டாரு. விமானத்துலதான் இருக்காரு."

"நிஜமாவா! அப்பாவா?"

"இறங்கத்தான் நேரமாகும். எல்லாத்தையும் பார்த்துட்டுத்தானே வருவாரு. நீ வா."

வீட்டுக்குப் போய்த்தான் விவரம் சொன்னேன். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அப்புறம் சிரித்தாள், வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்தபோது அவள் கை என் கையில் இருந்தது. இதைக் குற்றத்தின் பலன் என்று எழுதிக்கொள்வீர்களா என்னவோ, எனக்குச் சட்டம் தெரியாது.

இனி நடந்தது உங்களுக்கே தெரியும். பெருக்க வந்த அம்மா கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து, "மெதுவா, மெதுவா, ஆய்வு நடக்குது" என்று குரல் வந்ததாம். அக்கால வீரர்களின் வாழ்க்கையை உணர்ந்து பார்ப்பதற்காகத் தானே விரும்பி உள்ளே தங்கியதாகச் சொல்லியிருக்கிறார். காட்சிக்கு வைத்திருந்த வாளியைப் பயன்படுத்தியதும் அந்த உணர்தலைச் சேர்ந்ததுதானாம். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். 'இரும்புப் பறவைக்குள் ஒரு தவம்' என்று தலைப்புப் போட்டார்கள். நீங்களும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். வாளிக்குத் தனியாக ஒரு அறிவிப்புப் பலகை வைத்திருப்பதை வரும்போது பார்த்தேன்.

என்னிடம் போனில் என்ன சொன்னார் தெரியுமா? "நான் வேணும்னுதான் தங்கிட்டேன். நீ தனியாப் போய்ப் பழகணும்ல?" ஆக, நான் போனதும் அவர் ஏற்பாடு. கதவு சாத்தியது யார் என்று இன்றுவரை கேட்கவில்லை. நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்போது அவரே நம்பிவிட்டார். யோசித்ததும் நான், பை கட்டியதும் நான், பொய் சொன்னதும் நான். பெயர் மட்டும் அவருக்கு. கடையிலும் இப்படித்தான் நடக்கிறது, அதற்கு நான் ஒன்றும் சொன்னதில்லை. இது வேறு.

பட்டயத்தைக் கொடுங்கள், கொடுக்காமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. அன்றும் கிடையாது. மகளுக்காகத்தான் செய்தேன், வேறு ஒரு காரணமும் இல்லை. ஆனால் உங்கள் அழைப்பிதழில் 'உள்ளே இருந்த நேரம் முழுவதும் ஒருமுறைகூடக் குரல் கொடுக்காத மனத்திண்மை' என்று ஒரு வரி அச்சடித்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள்.

குரல் கொடுத்தார். காவலாளி போன பிறகு நான் அந்த விமானத்தின் வயிற்றுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் "ஏய்" என்றார். அப்புறம் "எங்க போய்த் தொலைஞ்ச?" என்றார். அப்புறம் கதவைத் தட்டினார், கொஞ்சம் பலமாகவே தட்டினார். அப்புறம் வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. நான் கிளம்பத் திரும்பும்போது, எனக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில், "ப்ளீஸ்" என்றார்.

கல்யாணமானதிலிருந்து அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதில்லை. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று நின்றேன். சொன்னார். அதற்குப் பிறகும் நின்றேன்.