மருந்துப் பிரிவில் ஒரு பதிவு

மாதச் சம்பளக்காரருக்கு வரவுசெலவுச் செயலி நல்லது. இதை இப்போதும் சொல்வேன்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் கடன்பட்டார்கள். நாங்கள் படவில்லை. எனக்குச் சீனன்குடாவில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் வேலை. மனைவி ஜெசிகா உப்புவெளியில் பாலர் பாடசாலை ரீச்சர். இரண்டு சம்பளத்தையும் செயலியில் போட்டு வாடகை, சாமான், பஸ், மருந்து, காணி என்று பிரித்தேன். அவளது போனிலும் அதே பக்கம்தான் திறக்கும். இரண்டாயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட செலவென்றால் முன்கூட்டியே பதிய வேண்டும். மற்றவர் ஏற்றால் பச்சை, மறுத்தால் சிவப்பு. விதி இருவருக்கும் பொதுவானது. என் பக்கத்தில் அப்படியான செலவு வருவதில்லை.

“நான் கலியாணம் முடிச்சது உங்களையோ, ஒரு கணக்குப்பிள்ளையையோ?” என்று ஜெசிகா கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு பழகிவிட்டாள். ஒரே மேசையில் இருக்கும்போதும் கேட்க வேண்டியதைப் பதிவில் கேட்டாள். காசுக்காக ஒருநாளும் நாங்கள் சண்டை பிடித்ததில்லை. அதில் எனக்குப் பெருமை.

காணி என்றது உப்புவெளியில் நாங்கள் வாங்க இருந்த ஆறு பேர்ச் நிலம். அவளுடைய ஆசையும் அதுதான்.

போன மே மாதம் அவளுக்குப் படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. டொக்டர் இதயத்தை ஸ்கான் செய்து பார்க்கச் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏழு கிழமை கழித்துத்தான் திகதி இருந்தது. தனியாரில் உடனே செய்யலாம். எண்ணாயிரத்து ஐந்நூறு ரூபா. அவள் பதிந்தாள். குறிப்புப் பெட்டியில், ‘டொக்டர் கெதியாச் செய்யச் சொன்னவர்’ என்று எழுதியிருந்தாள்.

மருந்துப் பிரிவில் அறுநூறு ரூபா மிச்சம். காணிப் பிரிவில் நாலு இலட்சத்துக்கு மேல். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றலாம்; செயலி தடுக்காது. ஒருமுறை மாற்றினால் பிறகு எல்லாவற்றுக்கும் மாற்ற வேண்டி வரும் என்று நினைத்தேன். மறுத்தேன்.

அடுத்த கிழமை மறுபடியும் பதிந்தாள். இந்த முறை குறிப்பில் ஒன்றும் இல்லை. நாங்கள் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இடது கையால் மறுப்பை அழுத்தினேன். அவளுடைய போன் சத்தமிட்டது. எடுத்துப் பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள்.

“இன்னும் கொஞ்சம் சம்பல் வைக்கட்டோ?” என்று கேட்டாள்.

வைக்கச் சொன்னேன்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள், பாடசாலையில் பிள்ளைகளை வரிசையில் நிற்பாட்டிக்கொண்டிருந்தபோது விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பே முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் அவளுடைய தகப்பன் நிக்கலஸ் மாமா வந்தார். படகு எஞ்சின் திருத்துகிறவர். கதை குறைவு.

“தம்பி, பிள்ளையை ஸ்கான் எடுக்கச் சொன்னதாம். உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம் மாமா.”

“அப்ப ஏன் எடுக்கேல்லை?”

“நான் காசு ஒதுக்கினனான். அவதான் போகேல்லை.”

போனை நீட்டினேன். எண்ணாயிரத்து ஐந்நூறு, பச்சை. அன்று காலையில்தான் மாற்றியிருந்தேன். முதற்பதிவை அழிக்கவும் இரண்டாவதைப் பச்சையாக்கவும் அரை நிமிடம் செல்லவில்லை.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அப்ப அந்தக் காசு எங்க?”

அதை நான் யோசித்திருக்கவில்லை.

அவர் தேடினார். அலுமாரியில், கைப்பையில், பைபிளின் தாள்களுக்கு இடையில். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்த சனம் அதைக் கதையாக்கிவிட்டது. “புருசன் குடுத்த காசை ஆருக்குக் குடுத்தாளோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்” என்றாள் அவளுடைய ஒன்றுவிட்ட பெரியம்மா. மாமாவுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவால் அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு றிஷானாவின் வீட்டுக்குப் போனார். றிஷானா ஜெசிகாவோடு படிப்பித்தவள்.

“பிள்ளை, கோவிக்காதேங்கோ. ஜெசி உங்களுக்குக் காசு ஏதும் தந்தவவோ?”

றிஷானா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். உள்ளே போய் ஓர் உறையோடு வந்தாள்.

“ஓம் அங்கிள். நான்தான் கைமாத்தா வாங்கின. எண்ணாயிரத்து ஐந்நூறுதானே?”

தொகையை மாமா சொல்லியிருக்கவில்லை.

மாமா செருப்பைப் போட வெளியே போனதும் அவள் மெதுவாகச் சொன்னாள்: “நான் காசு தாறன் எண்டு எவ்வளவோ சொன்ன. கடன் எண்டு கணக்குல காட்ட ஏலா, அவருக்குப் பிடிக்காது எண்டுட்டா. மௌத்தாப் போன ஜெசிட பேர்ல கதை வேணாம். அதுக்குத்தான் இது. உங்களுக்கில்ல.”

உறையை வாங்கினேன். அவள் அதை என் கைக்குத்தான் நீட்டினாள்.

பஸ்ஸில் மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். “என்ர பிள்ளை உதவிதான் செய்திருக்கிறாள், தம்பி. விசரி, தன்ர உயிரை வைச்சு உதவி செய்திருக்கிறாள்.”

“ஓம் மாமா” என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் காசைக் காணிப் பிரிவில் பதிந்தேன். பதியாத காசு வீட்டில் இருக்கக்கூடாது.

அது நடந்து நாலு மாதம். மாமா இப்போது காண்கிறவர்களிடம் எல்லாம் மகளின் நல்ல மனதைப் பற்றிச் சொல்கிறார். ஞாயிறு பூசை முடிந்து என்னைச் சாட்சிக்கு அழைக்கிறார். நான் தலையாட்டுகிறேன். என் முகத்தைப் பார்த்து, துக்கம் என்று நினைத்துத் தோளில் தட்டுகிறார்கள்.

வெட்கமாக இருக்கிறது. ஆகவே இன்று அந்தப் பதிவைத் திறந்து மறுபடியும் சிவப்பாக்கினேன். இருதரம் கேட்டாள், இருதரம் மறுத்தேன், காசு இருந்தது, பிறகு பழியை அவள் மேல் போட்டேன். இதுவரை எழுதியது முழுவதையும் அதன் குறிப்புப் பெட்டியில் எழுதி வைத்திருக்கிறேன். இனி நான் எதையும் மறைக்கவில்லை. வீட்டுக் கணக்கைத் திறக்க அனுமதி உள்ள எவரும் இதை வாசிக்கலாம்.

அனுமதி உள்ளவர்கள் இரண்டு பேர். ஒருவர் நான்.