பின்னிணைப்பில் ஓர் ஏச்சு

பைண்டிங் கடையில் இருந்தவர்கள் கடைக்கார அக்கா, ஒரே ஆய்வேட்டைச் சேர்ந்து எழுதிய ஒரு பையனும் பெண்ணும், அவர்களுக்குப் பின்னால் எங்கள் வீட்டின் முதல் ஆய்வேட்டோடு நான். அவர்களுடைய மேற்பார்வையாளர் அங்கே இல்லை. நல்லவேளை.

"அக்கா, கட்டி முடிச்ச இந்த மூணு காப்பியையும் பிரிக்க முடியுமா? சாரை நான் ஏசினது உள்ள இருக்கு," என்றான் பையன்.

ஏஐயிடம் உதவி கேட்டிருந்தால், அதனோடு பேசிய அத்தனையையும் திருத்தாமல் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் புதிய விதி.

"என்னடா ஏசின?" என்றாள் கூட எழுதிய பெண்.

"'மண்டைக்கனம் புடிச்ச இந்தக் கிழவருக்குப் புரியற மாதிரி எழுதிக் கொடு'ன்னு கேட்டிருக்கேன்."

"அதுக்கு அது?"

"பெரியவங்கள மரியாதையா பேசலாமேன்னு எனக்கே புத்தி சொல்லிச்சு லா. அதுவும் பிரிண்ட்ல இருக்கு."

"மெஷினுக்கு இருக்கற மரியாதகூட உனக்கு இல்ல. அட்டையில என் பேரும் தங்க எழுத்துல இருக்குடா!"

"அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துருவோமா?"

"எடுத்தா ஏமாத்தினதா ஆயிரும். ரெண்டு பேரும் பெயில். நன்றியுரைக்கு அடுத்து மன்னிப்புரைன்னு ஒண்ணு வை."

"எழுதித் தரச் சொல்லி அதுகிட்டயே கேக்கட்டுமா?"

"கேட்டா அதையும் பின்னிணைப்புல சேக்கணும். பேனாவ எடு."

அவன் மூன்று தாளில் கையால் எழுதினான். நான் வரிசையை விட்டு விலகி, என் பின்னிணைப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

மூன்றையும் பிரித்து மறுபடி கட்ட அக்கா வாங்கிய கூலி எழுபத்தைந்து வெள்ளி.